யாரு மரம்?

உளிப்பிடிக்கு எந்த மரம் நல்லது என்று தச்சரைக் கேட்டால் புளி, கருவேலம், பூவரசு என்று அடுக்குவார். எங்கய்யாவைக் கேட்டால், "யாரு மரம்னு மொதல்ல பாரு" என்பார்.

திருச்சுழிப் பக்கம் தோல் அறுத்த குடும்பம் எங்களுடையது. தாத்தா கமலைக்கு வால் தைத்தார். பம்புசெட்டு வந்து கமலை ஓய்ந்தபின் அய்யா அருப்புக்கோட்டையில் செருப்புத் தைத்தார். தச்சர் உளி கொட்டாப்புளியால் தலையில் அடி வாங்கும். பிளக்காத மரமும் உச்சியில் இரும்புப் பூணும் வேண்டும். தோல் உளியை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுவது. ஊறப்போட்ட தோல், வேர்த்த கை, பகல் முழுக்க ஈரம். ஈரத்தில் ஊதி, காய்ந்தால் சுருங்குகிற மரமென்றால் பிடிக்குள் உளிவால் ஆட ஆரம்பித்துவிடும். ஆடுகிற உளி கையைத்தான் அறுக்கும்.

கருவேலத்தில் வைரம் பாய்ந்த பகுதி இதற்குத் தோது. வெள்ளை கூடாது, வண்டு துளைத்து உளுத்துப்போகும். நடுத்தண்டு கூடாது, விரிசல் அங்கேதான் கிளம்பும். இரண்டு முனையிலும் சாணி மெழுகி நிழலில் மாசக்கணக்கில் போட்டுவைக்க வேண்டும். முனை முந்திக் காய்ந்தால் வெடிக்கும்.

இவ்வளவு தெரிந்தவருக்கு மரம் ஒன்றும் சொந்தமில்லை. 1981இல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் வனத்துறை கண்மாய்களுக்குள் கருவேலம் நட்டது. விளைந்ததும் ஏலம். ஏலத்தில் வாய் திறக்க எங்களில் யாரிடம் துட்டு இருந்தது? புளியும் பூவரசும் நிலம் வைத்திருந்த சாதி இந்துக்களின் தோட்டத்தில். ஒரு சாண் கட்டைக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கணும். "மரம் கேக்க வந்தியா, வேலியப் பிரிக்க வந்தியா?" என்றார் ஒருவர். அய்யா அதோடு யாரையும் கேட்கவில்லை.

மிஞ்சியது சீமைக்கருவேலம். 1870களில் கடல் தாண்டி வந்த மரம். அதற்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை, எங்களைப்போல ஊருக்கு வெளியே நின்றது. கோணல் மரம், மம்பட்டிக் கணைக்கு ஆகாது. ஆனால் உளிப்பிடி அரைச் சாண்தானே? எவ்வளவு கோணலிலும் அரைச் சாண் நேராக இருக்கும். முற்றிய தூரில் செவேலென்று வைரம். ஈரத்துக்கு ரொம்ப அசைந்துகொடுக்காது. சின்னத் துளை போட்டு, அலகில் ஈரத்துணி சுற்றி (சூடு ஏறினால் கூர் செத்துப்போகும்), வாலை மட்டும் காய்ச்சி இறக்குவார் அய்யா. கருகிக்கொண்டே போய் உட்காரும். அந்தப் புகை வாசனை எனக்குப் பிடிக்கும்.

2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கண்மாய் தூர்ந்து கிடக்கக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நிலத்தடி நீரைப் பற்றி எங்கள் பக்கம் வந்து பேசிய தோழர்கள், கரிமூட்டத்திலும் விறகிலும் கஞ்சி குடிக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கண்மாய்க்குள் எந்திரம் இறங்கிய அன்று அய்யா போய்த் தூரில் ஒரு துண்டு கேட்டார்.

"லோடுக்குக் கணக்கு இருக்கு, தாத்தா" என்றான் குத்தகைக்காரரின் ஆள்.