கத்தி விலகினால் மார்க் போச்சு!

இப்படி ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1986ஆம் வருடம், அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர், வயது பத்து. பெட்டிக்கடை மாதிரி ஒரு கடையில் ஃப்ளீர் கம்பெனியின் கூடைப்பந்து கார்டு பாக்கெட் ஒன்று வாங்குகிறான். உள்ளே பன்னிரண்டு கார்டு, ஒரு ஸ்டிக்கர், கூடவே ஒரு சூயிங் கம். கம்மை வாயில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினால் நடுவில் மைக்கேல் ஜோர்டன்! பந்தோடு வளையத்தை நோக்கிப் பறக்கிற படம். 57ஆம் எண் கார்டு.

மற்றப் பையன்கள் கார்டை சைக்கிள் சக்கரத்தில் செருகி டடடட என்று சத்தம் வரவைக்கிற வயசு. இவன் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. கார்டை உடனே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கெட்டி அட்டைப் புத்தகத்துக்குள் வைத்து, அலமாரியில் பூட்டிவிடுகிறான். முப்பத்தைந்து வருஷம் வெயில் படவில்லை, விரல் படவில்லை.

2021 ஜனவரியில் அதே கார்டின் பிரதிகள் இரண்டு, பத்துக்குப் பத்து மார்க் வாங்கியவை, ஏலத்தில் தலா 7 லட்சத்து 38 ஆயிரம் டாலருக்குப் போயின. இப்போது நாற்பத்தைந்து வயதாகிவிட்ட நம்ம பையனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? கார்டைப் பத்திரமாகப் பொதிந்து மதிப்பீட்டுக்கு அனுப்புகிறான். திரும்பி வருகிறது. முனைகள் நாலும் கூர் மழுங்கவில்லை. கீறல் இல்லை, கறை இல்லை. மார்க் மட்டும் 8.

காரணம், படம் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது. ஒரு பக்க ஓரம் அகலம், மறுபக்க ஓரம் ஒல்லி. முப்பத்தைந்து வருஷப் பூட்டுக்கு அதைச் சரிசெய்யத் தெரியாது. அவன் பாக்கெட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே நடந்துபோன காரியம் அது.

இதற்குப் பெயர்தான் சென்டரிங். கார்டில் அச்சான படம் நாலு ஓரங்களுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் அளந்து, இரண்டையும் கூட்டினால் நூறு என்று வைத்துப் பங்கு பிரிப்பார்கள். சரிபாதி என்றால் 50/50. கொஞ்சம் நகர்ந்தால் 55/45, இன்னும் நகர்ந்தால் 60/40. மேல் கீழ் ஓரங்களுக்கும் இதே கணக்கு. எது மோசமோ அதுதான் கார்டின் தலையெழுத்து.

மார்க் போடுகிற நிறுவனங்களில் பெரியது பி.எஸ்.ஏ. 1991இல் ஆரம்பித்தது. கார்டை வாங்கிப் பார்த்து, உண்மையானதுதானா என்று சோதித்து, 1 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். முனை, விளிம்பு, மேற்பரப்பு, சென்டரிங் என்ற நாலும் பார்க்கப்படும். பெக்கெட் என்ற இன்னொரு நிறுவனம் இந்த நாலுக்கும் தனித்தனி மார்க் போட்டு லேபிளிலேயே அச்சடித்துக் கொடுத்துப் பேர் வாங்கியது. பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி, எந்தப் பாடத்தில் கோட்டை விட்டோம் என்று தெரிந்துவிடும்.

பி.எஸ்.ஏ.வில் 10 வாங்க முன்பக்கம் ஏறத்தாழ 60/40க்குள் இருந்தால் போதும் என்று பல வருஷம் எழுதி வைத்திருந்தார்கள். 2025 தொடக்கத்தில் அதை 55/45 என்று இறுக்கிவிட்டார்கள். பின்பக்கத்துக்கு 75/25 வரை மன்னிப்பு உண்டு. பின்பக்கத்தை யார் சட்டம் போட்டு மாட்டப்போகிறார்கள் என்ற தைரியம் போல.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்டரிங் என்பது விகிதம், தூரம் அல்ல. இடது வலது ஓரம் இரண்டும் சேர்ந்து 6 மில்லிமீட்டர் இருக்கிற கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது கத்தி 0.3 மில்லிமீட்டர் விலகினால் ஓரங்கள் 3.3, 2.7 ஆகும். அதாவது 55/45. பத்து வாங்கலாம். இப்போது ஓரம் மொத்தமே 3 மில்லிமீட்டர் இருக்கிற இன்னொரு கார்டு. அதே கத்தி, அதே 0.3 விலகல். ஓரங்கள் 1.8, 1.2. அதாவது 60/40. இது அவுட்! தப்பு ஒன்றுதான், தண்டனைதான் வேறு. கார்டை வரைந்த ஆள் ஓரத்தை ஒல்லியாக வரைந்தால் அது பின்னால் வருகிறவன் தலையில் விடிகிறது.

சரி, கத்தி ஏன் விலகுகிறது? அச்சகம் பக்கம் போனவர்களுக்கு இது புதிசு இல்லை. கார்டுகள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. பெரிய ஷீட்டில் நூறு, நூற்றுமுப்பது என்று வரிசையாக அச்சாகும். அந்த 1986 ஃப்ளீர் தொகுப்பில் மொத்தம் 132 கார்டு. ஷீட்டுகளை அடுக்காக வைத்து வெட்டும்போது தாள் இம்மியளவு நகரும், அடுக்கு கொஞ்சம் சாயும், அச்சே ஷீட்டில் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும். சில சமயம் கார்டு சாய்வாகவே வெட்டுப்பட்டு, மேலே ஓரம் அகலமாகவும் கீழே ஒல்லியாகவும் வந்து நிற்கும். அந்தக் காலத்தில் அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? சின்னப் பசங்க சூயிங் கம் கூட வாங்குகிற சாமான் அது. ஒரு மில்லிமீட்டரில் வீடு வாங்கலாம் என்று கத்தி இறக்கின தொழிலாளிக்கு எப்படித் தெரியும்!

கனடாவின் ஓ-பீ-சீ கம்பெனி கதை இன்னும் ஜோர். அவர்கள் ஷீட்டுகளைக் கம்பியால் அறுத்தார்கள். அதனால் கார்டு விளிம்பெல்லாம் பிய்ந்த மாதிரி சொரசொரவென்று இருக்கும். 1979-80இல் அவர்கள் போட்ட ஐஸ் ஹாக்கித் தொகுப்பின் 18ஆம் எண் கார்டு வெய்ன் க்ரெட்ஸ்கியின் முதல் கார்டு. நீல நிற ஓரம், கொஞ்சம் உரசினாலும் வெள்ளையாகத் தெரியும். சென்டரிங்கும் பெரும்பாலும் கோணல். இத்தனை கண்டங்களையும் தாண்டி பி.எஸ்.ஏ.வில் 10 வாங்கியவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று 2021 மே மாதம் 37.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. சொரசொரப்பு இல்லாமல் விளிம்பு மழமழவென்று இருந்தால் அந்தக் கார்டைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பிழைதான் அதற்குப் பிறப்புச் சான்றிதழ்.

பேஸ்பாலில் எல்லோரும் பேசுகிற 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டும் கோணலுக்குப் பேர்போனதுதான். அந்தத் தொகுப்பின் கடைசி வரிசைக் கார்டுகள் விற்காமல் கிடங்கில் தேங்கின. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, தொகுப்பை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். மேன்டில் கார்டும் அதே வரிசைதான். தப்பிய ஒன்று, எஸ்.ஜி.சி. நிறுவனத்தில் 9.5 வாங்கியது, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. கடலுக்குள் எத்தனை 50/50 முழுகியதோ!

பி.எஸ்.ஏ.வில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மற்ற எல்லாம் 9க்குத் தகுதி, சென்டரிங் மட்டும் படு மோசம் என்றால் 9 என்று போட்டு, பக்கத்தில் 'நடுவில் இல்லை' என்பதற்கான இரண்டெழுத்துக் குறியைப் போட்டுவிடுவார்கள். அப்படிக் குறி வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு மார்க்கையே குறைத்துப் போடுவார்கள். சேகரிப்பாளர்களின் தொகுப்புகளை வரிசைப்படுத்துகிற பட்டியலில் இந்தக் குறிக்கு இரண்டு மார்க் கழிவு. பலபேர் குறியை விட 7ஏ தேவலாம் என்கிறார்கள். கழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு நிற்பதைவிடக் குறைந்த மார்க்கோடு தலைநிமிர்ந்து நிற்கலாமாம்.

பத்திரமாக வைத்திருந்தவனுக்கு இது அநியாயம் இல்லையா என்று தோன்றும். முதலில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த எண் வைத்திருந்தவனுக்குக் கொடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. கார்டு இன்று எப்படி இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. வாங்குகிறவன் அலமாரியையா வாங்குகிறான்? கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் படம் கோணலாகத் தெரிந்தால் அவனுக்கு உறுத்தத்தான் செய்யும். தபால்தலை சேகரிக்கிறவர்கள் இந்தக் கார்டுகள் பிறப்பதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே ஓரத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முனை மழுங்கினால் மழுங்கியதுதான், கீறல் விழுந்தால் விழுந்ததுதான். சென்டரிங்குக்கு மட்டும் கையிலேயே ஒரு 'வைத்தியம்' இருக்கிறது. அகலமான பக்கத்தில் ஒரு இழை வெட்டிவிட்டால் இரண்டு ஓரமும் சமம்! மழுங்கிய முனையும் புதிசு மாதிரி ஆகிவிடும். கார்டு ஒரு இழை சிறுத்திருக்கும், அவ்வளவுதான். பழைய கார்டுகள் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் பெரிசும் சிறிசுமாக வெட்டப்பட்டவை என்பதால், பெரிதாக வந்த கார்டை வெட்டினால் அளவை வைத்தும் பிடிக்க முடியாது. வெட்டியது என்று தெரிந்தால் மார்க்கே கிடையாது, கார்டு திரும்பி வரும். தெரியாவிட்டால் 8 இருந்த இடத்தில் 9 உட்காரும்.

2019இல் சில சேகரிப்பாளர்கள் பழைய ஏலப் படங்களைத் தோண்டி எடுத்து வரிசையாகப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரே கார்டு, அதே அச்சுப்புள்ளி, அதே நார். முதல் படத்தில் ஓரம் அகலம், மார்க் குறைவு. அடுத்த படத்தில் ஓரம் ஒல்லி, மார்க் அதிகம்! இப்படி ஒன்றிரண்டு அல்ல, ஏகப்பட்டவை வெளியே வந்தன.

இதற்கெல்லாம் தாத்தா ஒன்று உண்டு. டி206 ஹோனஸ் வாக்னர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் போட்ட கார்டு. வாக்னர் படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டதால் பிரதிகள் சொற்பம். அதில் ஒரு பிரதி மட்டும், நூறு வருஷத்துக்கு முந்தைய சிகரெட் கார்டா இது என்று வியக்கிற அளவுக்குக் கூர்மையான முனைகளோடு வந்தது. 1991இல் அதை 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே வெய்ன் க்ரெட்ஸ்கி. கூட்டாளி புரூஸ் மெக்னால். அப்போதுதான் கடை திறந்திருந்த பி.எஸ்.ஏ. அந்தக் கார்டுக்கு 8 கொடுத்தது. அதுதான் அவர்கள் மார்க் போட்ட முதல் கார்டு. லேபிளில் வரிசை எண் 1.

பிறகு அந்தக் கார்டு கைமாறிக்கொண்டே போனது. 1996இல் குலுக்கலில் ஃப்ளோரிடாவின் தபால் ஊழியர் ஒருவருக்குப் பரிசாக விழுந்தது. வரி கட்ட வழியில்லாமல் அவர் விற்றுவிட, ஏலத்தில் 6 லட்சத்து 40 ஆயிரம் டாலர் போனது. 2000இல் 12 லட்சத்தைத் தாண்டியது. 2007இல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் கென் கென்ட்ரிக் 28 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அந்த வருஷங்கள் பூராவும் ஒரு முணுமுணுப்பு கூடவே வந்துகொண்டிருந்தது. ஓரம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, எப்படி?

2013 அக்டோபரில் பதில் வந்தது. ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ வேறு மோசடி வழக்கில் சிகாகோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, 1980களில் தன் கையில் இருந்த அந்த வாக்னர் கார்டின் பக்க ஓரங்களைத் தானே வெட்டியதாகவும் ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கார்டுக்கு? விதிப்படி பார்த்தால் அதற்கு எண்ணே கிடையாது. கற்பனைப் பையனின் ஜோர்டனுக்கும் அதே 8தான் கிடைத்தது, ஓரத்தில் யாரும் கை வைக்காமல்.