அகிஹபாராவில் ஒரு நாணயம்

டோக்கியோ மாநகரின் அகிஹபாரா, யுத்தத்தின் பின் வானொலி உறுப்புக்கள் விற்ற சிறு கடைகளாற் பெயர்பெற்ற இடம். இன்று அங்கே பழைய வீடியோ விளையாட்டுக்களுக்கெனவே தனிக் கடைகள் உள்ளன. சென்ற விடுமுறையில் என் மகனுடன் அத்தகைய கடையொன்றின் மாடியேறினேன்.

ஓர் இயந்திரத்தில் நூறு யென் நாணயத்தை இட்டேன். திரையில் தோன்றியது, 1978 இல் தொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. வரிசை வரிசையாக இறங்கும் பகைவரைச் சுட்டு வீழ்த்த வேண்டும். பகைவர் குறையக் குறைய, எஞ்சியோர் விரைந்து நகர்வர். வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் அக்காலக் கணினிக்கு வேகம் கூடிற்று. அக்குறையையே விளையாட்டின் சுவையாக விட்டுவைத்தார் ஆக்கியவர்.

“இதிலை என்ன கிடக்கு, அப்பா?” என்றான் மகன்.

பழையதைப் போற்றுவோர் தம் இளமையையே போற்றுகின்றனர் என்பர். அது எனக்குப் பொருந்தாது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நான் சிறுவன். குப்பி விளக்கிற் படித்தவனுக்கு இவ்விளையாட்டுக்கள் கனவிலும் கிட்டவில்லை. ஆதலின் நினைவின் இனிமை கலவாமலே சொல்கிறேன்: நாணயம் விழுங்கவென்றே அமைந்த கடுமை இவற்றில் உண்டு, ஆயினும் விதி ஒரு நொடியில் விளங்குகிறது, தோல்வி நம்முடையதே என்பதும் உடனே விளங்குகிறது. நல்லாசிரியன் இலக்கணமும் அதுவன்றோ?

மூன்று நிமிடத்தில் தோற்றேன். மகன் சிரித்தான். பின்னர் மெல்லக் கையை நீட்டினான்.

“எனக்கும் ஒரு காசு தாங்கோ, அப்பா.”