திரும்பும் வழி

ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்குச் செய்தியைக் கடத்துவது ரௌட்டர். எந்த வலைக்கு எவ்வழி என்று அதன் அட்டவணையில் நாமே எழுதிவைப்பதை நிலைவழி என்பர். எழுதாததை அது அறியாது.

கோர்படியில் எங்கள் இல்லம் கீழ்த்தளம்; தமையனார் இல்லம் மேல்தளம். இணைய இணைப்பும் ரௌட்டரும் தனித்தனி. இடையே ஒரு கம்பி. காலஞ்சென்ற தந்தையாரின் குரற்பதிவுகள் தமையனாரின் கணினியில் உள்ளன. படியேற இயலாத அன்னையார் அவற்றைக் கீழிருந்தே கேட்க விரும்பினார். அக்கணினியோ மறுமொழி தரவில்லை.

1983இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இயற்றிய 'பிங்' நிரலால் சோதித்தேன். எங்கள் ரௌட்டர் அழைத்தபோது மேல்தள ரௌட்டர் பதிலளித்தது. ஆகவே கம்பியில் பழுதில்லை. அன்னையாரின் கணினி அழைத்தபோது பதிலில்லை. மேல்தளத்தின் 192.168.2.0 வலைக்குரிய வழி எங்கள் அட்டவணையில் சரியாகவே இருந்தது. மேல்தள அட்டவணையிலோ எங்கள் 192.168.1.0 வலையைப் பற்றிய குறிப்பே இல்லை! எனவே மறுமொழிகள் தமையனாரின் இணைய இணைப்பை நாடிச் சென்றன. இத்தகைய வீட்டு எண்களைப் பொது இணையம் ஏற்பதில்லை. அவை அங்கேயே மறைந்தன.

அண்ணா அங்கு ஒரு வரி சேர்த்தார். அன்றே அன்னையார் அக்குரலைக் கேட்டார்.

அன்பர்களே, போகும் வழியை ஒரு முனையிலும் திரும்பும் வழியை மறுமுனையிலும் எழுதுதல் வேண்டும். ஊர்விட்டு வந்த நமக்கு இது புதிய பாடமன்று.