தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பாருங்கள்

படம் ஓட்டும் தொழிலுக்கு வருகிற தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: திரை சிமிட்டுகிறதா என்று கேபின் துவாரம் வழியே பார்க்காதீர்கள். அங்கிருந்து திரை சின்னதாகத் தெரியும், நேர்ப்பார்வைக்குள் அடங்கிவிடும். நேர்ப்பார்வைக்குச் சிமிட்டல் அவ்வளவாகப் பிடிபடாது, ஓரக்கண்ணுக்குத்தான் பிடிபடும். கீழே இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்து, திரைக்குப் பக்கத்து வாசல் போர்டைப் பாருங்கள். ஓரக்கண்ணில் வெள்ளை படபடத்தால் மேலே வேலை இருக்கிறது.

என் ஹெட் ஆபரேட்டர் இதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. கார்பன் ஆர்க் விளக்கு நிதானப்பட்டதும் என்னை மிஷினருகே நிறுத்திவிட்டு, தரை டிக்கெட் பக்கம் போய் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கு என்று கேட்டதற்கு, “பால்கனிக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாதுடா. கண்ணு வலிக்கிறது இவங்களுக்குத்தான்” என்றார். திரை எவ்வளவு பெரிதாகக் கண்ணை நிறைக்கிறதோ அவ்வளவு சிமிட்டல் தெரியும். குறைந்த காசு கொடுத்தவர் முன்னால் உட்காருகிறார், குறையை முதலில் அனுபவிப்பவரும் அவரே.

பிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். நகர்வைக் காட்ட அது போதும். நின்று நின்று வரும் படங்களை மூளை ஓட்டமாக்கிக்கொள்ளும். வெளிச்சம் நொடிக்கு 24 தடவை அணைந்து எரிந்தாலோ, அதே மூளை ஏமாறாது. அதனால்தான் ஷட்டரில் இரண்டு இறக்கை. மால்டீஸ் கிராஸ் பிலிமை இழுக்கும்போது ஒன்று மறைக்கும். ஃப்ரேம் கேட்டில் அசையாமல் நிற்கும்போதே இன்னொன்று வேண்டுமென்றே ஒரு தடவை மறைக்கும். 24 இப்படி 48 ஆகிவிடும். ஊமைப்படக் காலத்து 16 ஃப்ரேமுக்கு மூன்று இறக்கை போட்டார்கள், அதுவும் 48தான்.

ஆனால் 48 எல்லா வெளிச்சத்துக்கும் போதாது. வெளிச்சம் கூடக் கூட, இன்னும் வேகமான சிமிட்டலையும் மூளை பிரித்துணரும். ஃபெரி 1892இலும் போர்ட்டர் 1902இலும் இதை அளந்து எழுதிவைத்தார்கள். எங்களுக்கு இது உறைத்தது கார்பன் ஆர்க் போய் செனான் விளக்கு வந்தபோது. மங்கலான திரையில் ஒரு புகாரும் இல்லாமல் ஓடிய மிஷின், செனான் வெளிச்சத்தில் வானமும் வெள்ளைச் சேலையும் வந்தபோதெல்லாம் படபடத்தது. ஆகவே சோதனைக்கு இரவுக் காட்சியை எடுக்காதீர்கள். வெள்ளை நிறைந்த ரீலை எடுங்கள். மூன்றாவது இறக்கை சேர்த்தால் 72 ஆகிச் சிமிட்டல் போய்விடும், வெளிச்சத்திலும் பெரும்பங்கு போய்விடும். அது முதலாளிக்குச் சம்மதமாகாது.

இறக்கைகள் இரண்டும் ஒரே அகலம் இருக்க வேண்டும். ஒரு தடவை உள்ளூர் லேத்தில் செய்து வந்த ஷட்டர், பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாட்டினால் திரை தாங்க முடியாமல் துடித்தது. ஹெட் ஆபரேட்டர் அதைக் கழற்றி, காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, அரை சுற்றுத் திருப்பி மறுபடி வரைந்தார். கோடுகள் ஒட்டவில்லை. ஒரு மறைப்பு நீளம், ஒரு மறைப்பு குட்டை என்றால் 48க்குள் 24 ஒளிந்துகொள்ளும். அதை மூளை தோண்டி எடுத்துவிடும். அரத்தால் ராவி, ராவி, மூன்றாவது ஆட்டத்துக்குள் சரிசெய்தார். அந்த ஷட்டர் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஓடியது.

கார்பனின் ஆட்டம் வேறு விதம். கார்பனில் ஈரம் ஏறியிருந்தால் பொரியும். லேம்ப் ஹவுஸ் மேலே அடுக்கிக் காயவைத்துத்தான் மாட்டுவோம். இடைவெளி குறைந்தால் சீறும். காது முதலில் சொல்லும், கை உடனே குமிழைத் திருப்ப வேண்டும். வெளிச்சத்தின் இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு பயப்படக் காரணம் உண்டு. நொடிக்குப் பத்தை ஒட்டி ஆடும் வெளிச்சத்துக்குத்தான் நம் மூளை மிகவும் கூர்மை. சிலருக்கு அதை ஒட்டிய வேகங்கள் வலிப்பையே கொண்டுவரும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு டிவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி வெட்டியதில், 600 பேருக்கு மேற்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள்.

இனி, விளக்குக்கு டிசி கரண்ட் தரும் ரெக்டிஃபையர். மூன்று ஃபேஸும் ஆறு டயோடும் ஒழுங்காக இருந்தால் வெளிச்சத்தில் மிச்சமிருக்கும் துடிப்பு நொடிக்கு 300; அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு டயோடு போனால் 50 நுழையும். ஷட்டரின் 48உடன் அது மோதி, திரை நொடிக்கு இரண்டு தடவை மெல்ல மங்கித் தெளியும். நாங்கள் ‘திரை மூச்சு விடுது’ என்போம். ஒரு ஃபேஸ் போய், விளக்கு அணையாமல் தப்பினால் 100 வரும். ஷட்டரின் 48க்கு இரட்டிப்பு 96. வித்தியாசம் நான்கு. ஹெட் ஆபரேட்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணுவார். இரண்டு என்றால் டயோடு, நான்கு என்றால் ஃபேஸ். மீட்டரை எடுக்குமுன் பெட்டியின் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஏன் அப்படி என்ற கணக்கை நான் பின்னால்தான் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

இப்போதைய டிஜிட்டல் மிஷினில் இறக்கை இல்லை. 3டி படத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு ஃப்ரேமை மூன்று தடவை காட்டி, இரண்டு கண்ணுக்குமாக நொடிக்கு 144 ஆக்கிவிடுகிறார்கள். அதனால் சிமிட்டல் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மலிவான டிரைவர் போட்ட படிக்கட்டு ஓர எல்இடி நொடிக்கு 100 தடவை முழுதாக அணைந்து எரியும். நேரே பார்த்தால் நிலையாகத் தெரியும். கண்ணை வெட்டித் திருப்பினால் புள்ளி புள்ளியாகச் சிதறும். மொபைல் கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். அதையும் மாற்றச் சொல்லுங்கள், அதுவும் நம் பொறுப்புதான்.

முன்வரிசையில் உட்கார ஆபரேட்டருக்கு டிக்கெட் வேண்டாம். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஒருவரை மிஷினருகே நிறுத்திவிட்டு இறங்கிப் போங்கள். தினமும் போங்கள்.