பஞ்சாங்கமும் விதை நெல்லும்

சித்திரை முதல் தேதியன்று கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிப்பது நம் ஊர்களில் வழக்கம். இந்த வருஷம் மழை எத்தனை மரக்கால், எந்தத் தானியம் செழிக்கும், எதற்கு விலை ஏறும் என்றெல்லாம் அதில் இருக்கும். கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாங்காய்ப் பச்சடி சாப்பிடுவார்கள். மழை பொய்த்தால் பஞ்சாங்கக்காரரை யாரும் கோபித்துக் கொள்வதில்லை. ஏனென்றால் அவர் படிப்பதோடு சரி. விதை நெல் விற்பதில்லை.

இப்போது ஜனவரி பிறந்தால் வேறொரு பஞ்சாங்கம் படிக்கிறார்கள். சமூக ஊடகத்தில் இந்த வருஷம் எது ஓங்கும், எது மங்கும், எழுத்து பிழைக்குமா, படம் வெல்லுமா என்று பலன் சொல்கிறார்கள். பலன்கள் தவறிப் போகின்றனவே என்று எனக்கு வருத்தம் இல்லை. தவறாத ஜோசியம் எங்கே இருக்கிறது? பலன் சொல்கிறவரே விதைக் கடையும் வைத்திருக்கிறாரே என்பதுதான் என் சங்கடம்.

தவறிய ஜோசியத்துக்குக் கௌரவமாகப் பொறுப்பேற்றவர்களும் உண்டு. ராபர்ட் மெட்காஃப் என்பவர் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர். 1996-ல் இணையம் பாரம் தாங்காமல் நொறுங்கிவிடும் என்று 1995 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் எழுதினார். பொய்த்தால் எழுதியதைத் தின்று விடுவதாகவும் வாக்குக் கொடுத்தார். 1996 வந்தது, போயிற்று, இணையம் நின்றது. 1997-ல் ஒரு மாநாட்டு மேடையில் அந்தக் கட்டுரையைத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, சபையோர் பார்க்கச் சாப்பிட்டார் மனிதர். நஷ்டம் அவர் வயிற்றோடு போயிற்று. இப்படிப்பட்டவரிடம் மறுபடியும் பலன் கேட்க நான் தயார்.

இன்னொரு ஜோசியத்தைப் பாருங்கள். 2016 ஜூன் மாதம் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஐரோப்பாப் பகுதித் தலைவி நிக்கோலா மெண்டல்ஸன், ஐந்து வருஷத்தில் தங்கள் தளம் அநேகமாக முழுவதும் வீடியோவாகி விடும் என்றார். எழுத்து வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறதாம். அதே வருஷம் செப்டம்பரில், ஜனங்கள் வீடியோ பார்க்கும் சராசரி நேரத்தைத் தாங்கள் மிகையாகச் சொல்லி வந்ததை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குள் விலகிப் போனவர்களை எண்ணாமலே சராசரி போட்டிருந்தார்கள்! பந்தியில் முதல் கவளத்தோடு எழுந்து போனவர்களை விட்டுவிட்டு, சமையல் பிரமாதம் என்று சொல்லிக் கொள்வது போல.

ஆனால் அதற்குள் காற்று அடித்துவிட்டது. அமெரிக்காவில் எம்.டி.வி. நியூஸ், மிக் முதலிய செய்தி நிறுவனங்கள் 2017-ல் வீடியோதான் எதிர்காலம் என்று சொல்லி எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பின. 2018 நவம்பரில் மிக் தன்னிடம் மிஞ்சியிருந்தவர்களிலும் பெரும்பாலோரை நீக்கியது. மெட்காஃப் தம் காகிதத்தைத் தாமே தின்றார். இங்கே பலன் சொன்னவர் ஒருவர். பட்டினி கிடந்தவர் வேறொருவர்.

வீடியோ வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. பேஷாக வந்தது. ஆனால் சொன்னவர்களின் வாசல் வழியாக வரவில்லை. டிக்டாக் என்ற வேறு வாசல் வழியாக வந்தது. அந்த வாசலும் நம் தேசத்தில் 2020 ஜூன் 29 அன்று அரசாங்க உத்தரவால் அடைபட்டது. கிராமத்துப் பெண்களும் கூலி வேலை செய்பவர்களும் அங்கே சேர்த்து வைத்திருந்த ரசிகர் கூட்டமெல்லாம் ஒரே ராத்திரியில் இல்லாமல் போயிற்று. திசையைச் சரியாகச் சொன்ன ஜோசியர்கூட வழியில் எத்தனை பேர் விழுவார்கள் என்று சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். எழுதக் கை உள்ளவர். "ஸார், இனி யாரும் வாசிக்கப் போவதில்லையாமே? நான் எழுதுவதை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்க்கட்டுமா?" என்று கேட்டார். "அப்படிச் சொன்னது யார், தம்பி?" என்றேன். பெயரைச் சொன்னார். "அவர் என்ன விற்கிறார்?" என்றேன். இளைஞர் சற்று யோசித்தார், பிறகு சிரித்துவிட்டார். அவர் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் அவர் கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல. ஒரு மனிதனுக்கு இருபத்தைந்து வயது ஒரு தடவைதான் வருகிறது. அதைக் கொண்டுபோய் யாரோ ஒருவர் விற்கும் விதையில் போடச் சொல்வது சாமான்யக் காரியமா?

பின்னே எதைப் பார்த்துப் பலன் சொல்வது? யந்திரத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஜனங்களைப் பார்த்துச் சொல்வது மேல். 2009-ல் வாட்ஸப்பை ஆரம்பித்தபோது, 'வேலையாக இருக்கிறேன்' என்பது போல அவரவர் நிலையைத் தெரிவிக்கும் பலகையாகத்தான் அதைச் செய்தார்கள். ஜனங்கள் அந்தப் பலகையிலேயே ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். செய்தவர்களும் சரிதான் என்று அதைப் பேச்சுக்கருவியாக மாற்றினார்கள். ஹாஷ்டாக் என்ற குறியும் ட்விட்டர் முதலாளிகளின் யோசனை அல்ல. 2007-ல் அதைப் பயன்படுத்தி வந்தவர்களில் ஒருவர் சொன்னது.

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை கொள்ள இடம் உண்டு. இங்கிலாந்து நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1909-ல் ஒரு சிறுகதை எழுதினார். அதில் ஒரு தாய் தன் அறையைவிட்டு வெளியே வராமல், யந்திரத்தின் மூலமே ஆயிரக்கணக்கானவர்களைத் தெரிந்து வைத்திருக்கிறாள். தகட்டில் தெரியும் மகனுடைய முகத்தோடு பேச அவளுக்கு அவகாசம் சில நிமிஷம்தான். அவனோ, நேரில் வா என்று கெஞ்சுகிறான். ரேடியோ ஒலிபரப்புக்கூட வராத காலம் அது. ஃபார்ஸ்டர் கம்பியையும் சக்கரத்தையும் ஆராய்ந்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. சௌகரியம் கிடைத்தால் மனிதன் எதையெல்லாம் விட்டுக்கொடுப்பான் என்று யோசித்தார், அவ்வளவுதான்.

அந்த வழியில் நானும் ஒரு பலன் சொல்கிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல் எழுத்து குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டுகிறது. படமும் குரலும் அப்படியே. இனி எது பெருகும் என்று கேட்பதில் அர்த்தமில்லை, எல்லாமே பெருகும். எது அருகிப் போகும் என்று கேட்க வேண்டும். இப்படிச் சொன்னது இன்னார், தவறினால் அவர் நம் முன்னே வந்து நிற்பார் என்ற உறுதி அருகிப் போகும். அருகிப் போவதற்குத்தான் மதிப்பு ஏறும். வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தவுடன், "இதை யார் சொன்னது?" என்று எழுதுகிற அத்தை ஒருத்தி ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறாள். வரப்போகும் காலம் அந்த அத்தையின் காலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பலனைச் சொல்கிற என்னிடமும், "நீர் என்ன விற்கிறீர்?" என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எழுத்துத்தான் விற்கிறேன். அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.