விளையாட்டுக் கணனியும் வீட்டு வரவுசெலவும்

கணனி விளையாட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் பெற்றோரும் எம்மிடையே உளர். பிள்ளை கேட்டுவிட்டதே என்பதற்காகக் கடன்பட்டேனும் விலையுயர்ந்ததை வாங்கிக் கொடுப்போரும் உளர். இவ்விரு சாராரும் பிள்ளையுடன் அமர்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எம் முன்னோர் வாக்கு. எவ்வாறு அளப்பது என்பதை, எமது வகுப்பு மாணவன் ஒருவனின் குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கொண்டு இங்கு கூற விழைகின்றோம்.

2024 ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்குச் சற்று முன்னர், பதின்மூன்று வயதுடைய அம்மாணவனும் அவனது தந்தையாரும் வகுப்பு முடிந்தபின் எம்மிடம் வந்தனர். தந்தையார் இங்கு லண்டனில் இரவு வேலை செய்பவர். அவர் கையில் மடிக்கணனி ஒன்றிற்கான தவணைக் கடன் பத்திரம் இருந்தது. அதிலிருந்த ஆங்கிலத்தைத் தந்தைக்கு விளக்கியவனும் மகனே. "மாதம் முப்பத்தெட்டுப் பவுண்தானே அப்பா" என்பது அவனது வாதம். "மாஸ்ரர், நீங்களே சொல்லுங்கோ, இதிலை கையெழுத்து வைக்கலாமோ?" என்றார் தந்தையார்.

ஊரில் கணிதம் கற்பித்த எமக்குக் கணக்கே முதலில் தோன்றியது. பலகையில் மகனையே எழுதச் சொன்னோம். உடன்காசு விலை 999 பவுண். தவணையிலோ மாதம் 38 பவுண் வீதம் 36 மாதங்கள். மொத்தம் 1,368 பவுண். ஆக, வட்டி மாத்திரம் 369 பவுண். 2024 ஏப்பிரல் முதல் பிரித்தானியாவில் 21 வயதும் அதற்கு மேற்பட்டோருக்குமான குறைந்தபட்ச மணிக்கூலி அப்போது 11.44 பவுணாக இருந்தது. தந்தையார் பெற்றதும் அதுவே. எட்டு மணிநேர இரவொன்றுக்கு 91.52 பவுண். வரியைக் கணக்கிற் கொள்ளாமலே, கடனை அடைக்க அவர் ஏறத்தாழப் பதினைந்து இரவுகள் உழைக்க வேண்டும். அவற்றுள் நான்கு இரவுகள் வட்டிக்கே. விடையை எழுதிய மாணவன் பேனையைக் கீழே வைத்துவிட்டான்.

எனினும் விடயத்தை அத்துடன் முடித்துவிட நாம் விரும்பவில்லை. இக்கணனி எதற்கு வேண்டும் என வினவினோம். "சேர், பாரிசிலை இருக்கிற சித்தப்பான்ர பெடியளும் ரொறன்ரோ மச்சானும் ஞாயிறு பின்னேரத்திலை ஒண்டா விளையாடினம். நான் மட்டுந்தான் இல்லை" என்றான். இது தந்தையாருக்கே புதிய செய்தி. போர் நான்கு திசைகளிலும் சிதறடித்த உறவுகளின் பிள்ளைகள் கூடும் முற்றம் அது. தேவை உண்மையானது, விலையே பொருந்தவில்லை.

முதலில் அறிய வேண்டியது, பிள்ளை எந்த விளையாட்டை ஆடப்போகின்றது என்பதாகும். அப்பிள்ளைகள் ஆடுவன மைன்கிராப்ற், போட்நைற், றோபிளொக்ஸ் ஆகியன. இவற்றிற்கு நடுத்தரமான கணனியே போதும். உள்ள பணத்திற் பெரும்பகுதியை, திரையிற் படத்தை வரையும் கிறாபிக்ஸ் காட்டிற்கு ஒதுக்குதல் வேண்டும். நினைவகம் 16 ஜி.பி. இருத்தல் நன்று, எட்டு எட்டாக இரண்டு துண்டுகளாயின் வேகமும் கூடும். சேமிப்பிற்கு எஸ்.எஸ்.டி. அவசியம். திரை 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டதாயின் போதும். நாலு 'கே' எனப்படும் திரையில் இதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளமையால், அதற்கு விலை கூடிய காட் தேவைப்படும். கண்ணைப் பறிக்கும் வர்ண விளக்குகள் வேகத்தை ஒரு சிறிதும் கூட்டா.

அடுத்தது மடிக்கணனியா, மேசைக்கணனியா என்பது. காவிச் செல்லும் தேவை இல்லையாயின் மேசைக்கணனியே சிக்கனமானது. ஒரு பகுதி பழுதானால் அதை மாத்திரம் மாற்றலாம். மடிக்கணனியில் பெயரை மட்டும் நம்புதல் ஆகாது. என்விடியா நிறுவனத்தின் ஆர்.ரி.எக்ஸ். 4070 மேசைக்கணனியில் 12 ஜி.பி. நினைவகம் உடையது, மடிக்கணனியில் அதே பெயருடையது 8 ஜி.பி. மாத்திரமே. மடிக்கணனிக்கான 4060 ஓ, தயாரிப்பாளரின் விருப்பிற்கேற்ப 35 வாற் முதல் 115 வாற் வரை மின்வலுவில் இயங்கும். குறைந்த வலுவில் வேகமும் குறையும்.

அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக்கணனிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் மின்வழங்கி சிறியது. தாய்ப்பலகையிலுள்ள செருகுவாய் தரக்கூடியது 75 வாற் மாத்திரமே. 70 வாற்றில் இயங்கும் ஆர்.ரி.எக்ஸ். 3050 இன் 6 ஜி.பி. வகை அதற்கு ஏற்றது. அதே பெயரில் உள்ள 8 ஜி.பி. வகைக்கு 130 வாற்றும் தனி மின்கம்பியும் வேண்டும். ஒடுங்கிய பெட்டியாயின், காட்டின் உயரத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிவுற்றது. ஆதலால் பழைய கணனி வின்டோஸ் 11 ஐ ஏற்குமா என அறிதல் அவசியம். இன்ரெல் ஆயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். 2025 இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறியமையால், 16 ஜி.பி. ஏற்கெனவே பூட்டப்பட்டதை நாடுதல் நன்று. இந்நாட்டில் வியாபாரியிடம் இணையவழி வாங்கினால் பொருள் கிடைத்த 14 நாட்களுக்குள் மனம் மாறித் திருப்பலாம். பழுதாயின் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணமும் பெறலாம். தனியாரிடம் வாங்கும்போது இவ்வுரிமைகள் இல்லை.

அக்குடும்பம் அவ்விடுமுறையில் பழைய அலுவலகக் கணனி ஒன்றை 160 பவுணுக்கும், காட்டை 160 பவுணுக்கும், பாவித்த திரையொன்றை 40 பவுணுக்கும் வாங்கியது. மொத்தம் 360 பவுண். தவணைக் கடனின் வட்டியிலும் ஒன்பது பவுண் குறைவு! ஊரில் உழவு இயந்திரம் திருத்திய தந்தையார் திருப்புளியுடன் பெட்டியைத் திறக்க, மகன் கைந்நூலை வாசித்துத் தமிழிற் சொன்னான். அதற்கடுத்த ஞாயிறு, மகனின் பின்னால் நின்று, தாம் ஒருநாளும் நேரிற் காணாத தம்பியின் பிள்ளைகளைப் பெயர்சொல்லி அழைத்துப் பேசியதாக அவர் எம்மிடம் கூறினார்.

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது, உங்கள் வருமானத்தையும் செலவையும் மறையாது அதன் முன் வையுங்கள். மாணவச் செல்வங்களே, பத்திரங்களைப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் பொறுப்பு உங்களிடம் உள்ளது. மாதத் தொகையை மட்டும் சொல்லாது, மொத்தத் தொகையையும் சொல்லுங்கள். அதுவே உங்கள் வீட்டிற்கு நீங்கள் செய்யும் பெரும் உதவியாகும்.