பெட்ரோல் மூடியில் ஒரு ஓட்டை

ஜூன் 8, ஞாயிறு

மாமாவின் புல்லட் இன்றும் காலை வாரிவிட்டது. 1984 மாடல், திருவொற்றியூரில் பிறந்தது. வலது காலுக்குக் கியர், இடது காலுக்குப் பிரேக். மாமா போன பிறகு மூன்று வருடம் எங்கள் ஓவர்லாக் செட்டின் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. போன மாதம்தான் கிளப்பினேன். அரை டேங்க் பெட்ரோலில் காங்கேயம் சாலையில் பாதி தூரம் போய் நின்றது. ஆறவிட்டு உதைத்தால் எடுத்துக்கொண்டது.

இன்று அவினாசி போவதற்காக டேங்க் நிறைய அடித்தேன். திருமுருகன்பூண்டியைக்கூடத் தாண்டவில்லை. இழுவை மெல்லக் குறைந்து, இரண்டு முறை இருமி, அடங்கிவிட்டது. சிற்பிகளின் உளிச் சத்தத்தைக் கேட்டபடி பத்து நிமிடம் நின்றேன். ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரஸரைப் பிடித்துவிட்டு, ஒரே உதை. பிடித்துக்கொண்டது. மூன்று கிலோமீட்டரில் மறுபடி அதே கதை.

புதுப் பெட்ரோல் போட்டதும் இன்னும் சீக்கிரமாக நிற்கிறது. அப்படியானால் கோளாறு பெட்ரோலில்தான். பங்க்காரரைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூன் 9, திங்கள்

சாயப்பட்டறையில் இருக்கும் நண்பன் லேப்பிலிருந்து அளவு ஜாடி கொண்டுவந்தான். 100 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணீர், குலுக்கி வைத்தோம். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் இருபதாக இருக்க வேண்டிய தண்ணீர்க் கோடு நாற்பதை ஒட்டி நின்றது. ஆக, 20 சதவீதக் கலவை. இப்போது எல்லா பங்க்கிலும் வருவது இதுதான். பங்க்காரர் மேல் குற்றமில்லை.

ஜூன் 11, புதன் இரவு

எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்றோடு கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் போக வேண்டும். நாற்பது வருடத்துக்கு முந்தைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும் என்று படித்திருந்தேன். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டேன்.

ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் செம்மண்போலத் துரு. ஓவர்லாக் மெஷினுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸராலேயே ஜெட்டுகளை ஊதினேன். கையெட்டும் தூரத்தில் பனியன் வேஸ்ட் மூட்டை. இந்தியா முழுக்க மெக்கானிக்குகள் கை துடைப்பது எங்கள் ஊர் வேஸ்ட்டில்தான், நான் துடைத்தால் என்ன? கிண்ணம், ஜெட், எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து மாட்டினேன்.

இப்போது சோக்கை இறக்கினால் வண்டி நிற்கிறது. ஐடிலிங்கே பிடிக்கவில்லை. இந்தக் கோளாறு நேற்றுவரை கிடையாது.

ஜூன் 14, சனி

சம்பள நாள். வண்டிப் பக்கமே போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சோக்கைப் போட்டபடியே தட்டுத்தடுமாறி பல்லடம் சாலைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணனுக்கு எழுபது வயது இருக்கும். எத்தனால், நீடில், கிளிப் என்று நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டுதான். கொஞ்ச தூரத்தில் வழக்கம்போல் நின்றது. இறங்கினார், பெட்ரோல் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று டேங்க் மூச்சிழுத்தது. மூடியை வைத்து ஒரு உதை. ஓடியது.

“ஏனுங் தம்பி, மூடியத் தொறந்து பாத்தீங்களா?”

மூடியின் உள்பக்கம் சிறு ஓட்டை. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் டேங்குக்குள் காற்று வர வேண்டும். மூன்று வருடம் எங்கள் செட்டில் பறந்த பஞ்சு அதில் படிந்து, எண்ணெயோடு சேர்ந்து, கம்பளிபோல் இறுகியிருந்தது. காற்று வராமல் டேங்குக்குள் வெற்றிடமாகிப் பெட்ரோல் இறங்க மறுத்திருக்கிறது. பத்து நிமிடம் காத்திருந்தால் பஞ்சுக்குள் கசியும் காற்று போதும், வண்டி எழுந்துகொள்ளும். டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு. அதனால்தான் அன்று அவ்வளவு சீக்கிரம் நின்றது. இது பங்க்காரர் காதில் விழ வேண்டிய செய்தி.

பிறகு பைலட் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்து என்னிடம் நீட்டினார். தலைமுடி கனத்தில் ஒரு துளை, அதற்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு இழை.

“பனியன் வேஸ்ட்ல தொடச்சீங்களாக்கு?”

தலையாட்டினேன்.

“நம்மூருப் பஞ்சு எங்கதானுங் போவாது?”

கிளட்ச் கேபிளிலிருந்து உருவிய ஒற்றைக் கம்பியால் இழையை வழித்தெடுத்தார். இரும்பு ஊசி விட்டால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும் என்றார். ஏர் ஸ்குரூவை முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, காதால் கேட்டுச் சரிசெய்தார். உள்ளே போனால் பெட்ரோல் கூடும், வெளியே வந்தால் காற்று கூடும். நான் இறக்கிய கிளிப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். ஒரு இடத்திலாவது நான் சரி.

ஜூன் 22, ஞாயிறு

டேங்கின் துருவுக்கு மருந்து சாயப்பட்டறையிலேயே கிடைத்தது. பெட்ரோல் காக்கைக் கழற்றி, வாயை அடைத்து, நீர்த்த அசிட்டிக் ஆசிட்டை ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தோம். பிறகு சோடா ஆஷ் கரைசலில் அலசி, உலர்ந்த உடனே பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து உள்ளே சுழற்றிவிட்டோம். தாமதித்தால் கண்ணெதிரே துரு திரும்பிவிடும். காஸ்டிக் போடலாமே என்று கேட்டேன். துரு அதற்கு அசையாது, கார்புரேட்டரில் பட்டால் அலுமினியம் கரைந்துவிடும் என்றான் நண்பன். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடவும் சம்மதிக்கவில்லை. கேனில் பிடித்துப் பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டிக்கே கொண்டுபோய்விட்டான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மாதக்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்தவன் அவன்.

மாலை அவினாசி போய்வந்தேன். எங்கும் நிற்கவில்லை. அண்ணன் வாங்கிய கூலி 150 ரூபாய். கார்புரேட்டர் துடைக்க மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன்.